வீட்டு வலையமைப்பில் தொலை அணுக்கம்

வீட்டு வலையமைப்பில் தொலை அணுக்கம் என்பது, ஒரு வீட்டிலுள்ள கணினிகளுள் ஒன்றின் முன் அமர்ந்தவாறே அவ்வீட்டிலுள்ள மற்றொரு கணினியை இயக்கும் முறையாகும். அணுகப்படும் கணினியின் திரை அணுகும் கணினியின் திரையில் தோன்றும். இங்கு அழுத்தப்படும் விசைகளும் சுட்டியின் அசைவுகளும் அங்கு சென்று செயல்படும். அணுகப்படும் கணினி வழங்கி எனவும், அணுகும் கணினி வாங்கி எனவும் அழைக்கப்படுகின்றன.

இது கோப்புப் பகிர்விலிருந்து வேறுபட்டது. கோப்புப் பகிர்வில் ஒரு கணினியிலுள்ள கோப்பு மற்றொரு கணினிக்கு வந்து அங்கு திறக்கப்படுகிறது. தொலை அணுக்கத்தில் கோப்பும் மென்பொருளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. திரைக்காட்சி மட்டுமே பயணிக்கிறது. இதற்கு இணைய இணைப்புத் தேவையில்லை என்பது பலரும் அறியாத செய்தியாகும். ஒரே திசைவியுடன் (ரௌட்டருடன்) இணைந்த இரு கணினிகள், இணையம் துண்டிக்கப்பட்ட நிலையிலும் ஒன்றையொன்று அணுக இயலும். வீட்டுக்குள் நிகழும் அணுக்கமும் வீட்டுக்கு வெளியிலிருந்து நிகழும் அணுக்கமும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும், அமைக்கும் முறையிலும் ஆபத்திலும் அவை வெவ்வேறானவை.

வரலாறு

தொலைவிலுள்ள கணினியை இயக்கும் எண்ணம் வலையமைப்புகளின் வரலாற்றளவுக்குப் பழமையானது. 1969 இல் ஆர்ப்பாநெட் வலையமைப்புக்காக முன்மொழியப்பட்ட டெல்நெட் நெறிமுறை, ஒரு கணினியின் எழுத்துவடிவக் கட்டளைத்திரையை மற்றொரு கணினியில் தந்தது. இதில் கடவுச்சொல் உட்பட அனைத்தும் மறைகுறியாக்கம் இன்றி வெளிப்படையாகச் சென்றன. எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைத் தொடர்ந்து, அங்கு பணியாற்றிய தாத்து யூலோனென் 1995 இல் எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான நெறிமுறையை உருவாக்கினார். இன்று லினக்ஸ் கணினிகளைத் தொலைவிலிருந்து இயக்குவோர் பெரும்பாலும் பயன்படுத்துவது இதுவே.

திரையை முழுமையாகக் காட்டும் முறைகளுள் 1984 இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய எக்ஸ் சாளர முறைமை முன்னோடியாகும். 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தில் வி.என்.சி. உருவாக்கப்பட்டது. அது கட்டற்ற மென்பொருளாக வெளியானதால் விரைவில் பல இயங்குதளங்களுக்கும் பரவியது. அவ்வாய்வகம் 2002 இல் மூடப்பட்டபின் அதனை உருவாக்கியோர் தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 1998 இல் விண்டோஸ் என்.டி. 4.0 இயங்குதளத்தின் தனிப் பதிப்பொன்றில் ஆர்.டி.பி. நெறிமுறையை அறிமுகப்படுத்தியது. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி. புரொபஷனல் பதிப்பின் வழியாக இது தனியாள் கணினிகளுக்கும் வந்தது. அதே ஆண்டில் வந்த எக்ஸ்.பி. ஹோம் பதிப்பில், பிறரை உதவிக்கு அழைக்கும் வசதி இருந்ததேயன்றி, கணினியைத் தொலை மேசைத்தள வழங்கியாக மாற்றும் வசதி தரப்படவில்லை. இப்பாகுபாடு விண்டோஸ் 11 வரை தொடர்கிறது. தமிழகத்து வீடுகளில் தொலை அணுக்கத்தை அமைக்க முயல்வோர் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுவாகும்.

புதுக்கோட்டை வீடுகளின் சூழல்

தொலை அணுக்கம் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஒரே வகையான புதிய கணினிகளையும், மரப்பலகைச் சுவர்களையுடைய மேலைநாட்டு வீடுகளையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. புதுக்கோட்டை மாவட்டத்தில் நிலைமை வேறு.

இம்மாவட்டத்து வீட்டு வலையமைப்புகளின் தோற்றத்தில் இரு நிகழ்வுகளுக்கு இடமுண்டு. முதலாவது, பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2005 சனவரியில் டேட்டாஒன் என்னும் பெயரில் தொடங்கிய அகலப்பட்டைச் சேவை. தொலைபேசிக் கம்பியின் வழியே வந்த இச்சேவையுடன் பல வீடுகளுக்கு மோடமும் திசைவியும் ஒன்றாக அமைந்த பெட்டியும் வந்தது. இரண்டாவது, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தால், ஏற்கெனவே மேசைக்கணினி இருந்த வீட்டில் இரண்டாவது கணினியும், அதுவரை கணினியே இல்லாத வீட்டில் முதற்கணினியும் நுழைந்தன. அக்காள் பெற்ற மடிக்கணினியும் சில ஆண்டுகள் கழித்துத் தம்பி பெற்ற மடிக்கணினியும் ஒரே வீட்டில் இருப்பது அரிதன்று.

தொடக்கத்தில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. ஸ்டார்ட்டர் பதிப்பு ஆர்.டி.பி. வாங்கியாகச் செயல்படும், வழங்கியாகச் செயல்படாது. ஆயினும் அதே மடிக்கணினியை பாஸ் லினக்ஸில் தொடங்கினால், எஸ்.எஸ்.எச். அல்லது வி.என்.சி. வழங்கி மென்பொருளைக் கட்டணமின்றி நிறுவிக்கொள்ள இயலும். பலர் திறந்தும் பாராத இயங்குதளம் ஒன்று, இப்பணிக்கு விண்டோஸைவிடப் பொருத்தமாக அதே வன்தட்டில் இருந்தது. விண்டோஸ் 7 இயங்குதளத்துக்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2020 சனவரி 14 அன்றுடன் முடிவடைந்தன. எனவே இன்னும் உயிரோடுள்ள அம்மடிக்கணினிகளை வலையமைப்பில் இணைப்போர் புதிய லினக்ஸ் பதிப்பொன்றை நிறுவிக்கொள்வது நலம்.

வீட்டின் கட்டட அமைப்பும் கருதத்தக்கது. மாவட்டத்தின் தென்பகுதி செட்டிநாட்டைச் சேர்ந்தது. திருமயம் வட்டத்திலுள்ள இராயவரம், கோனாபட்டு முதலிய ஊர்களின் நகரத்தார் வீடுகள் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை நீள்பவை. செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆன அவற்றின் தடித்த சுவர்களைக் கம்பியில்லா அலைகள் எளிதில் கடப்பதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானதாயினும் சுவர்களில் மிகுதியாக நலிவுறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைந்ததாயினும் சற்றுத் தொலைவு செல்லும். இத்தகைய வீடுகளில் முகப்பிலுள்ள திசைவியிலிருந்து பின்கட்டு வரை ஈத்தர்நெட் கம்பி ஒன்றை இழுத்து, அங்கு இரண்டாவது அணுகுமுனை ஒன்றை வைப்பதே உறுதியான வழி. ஒரு கம்பித்துண்டின் நீளம் 100 மீட்டருக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது ஈத்தர்நெட் தரத்தின் வரையறை. செட்டிநாட்டு வீடுகளுள் நீளமானவற்றுக்கும் இது போதும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தின் பல பகுதிகளிலும் மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள்கள் மின்சாரமும் தொலைத்தொடர்பும் தடைப்பட்டன. இணையவழிச் சேமிப்பகத்தில் மட்டும் கோப்புகளை வைத்திருப்பவருக்கு இத்தகைய நாள்களில் அவை எட்டாதவையாகி விடும். மின்மாற்றிக் கலத்தாலோ மின்னாக்கியாலோ திசைவியையும் வழங்கியையும் இயக்க முடிந்த வீட்டில், உள்ளக வலையமைப்பு வெளியுலகை எதிர்பாராமல் இயங்கும்.

இயங்கும் முறை

வீட்டுத் திசைவி தன்னுடன் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. முகவரியை ஒதுக்குகிறது. இம்முகவரிகள் பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை எனத் தொடங்கும் முகவரித் தொகுதிகள் தனியார் வலையமைப்புகளுக்கென 1996 இல் ஒதுக்கப்பட்டவை. இவை ஊருக்குள் வழங்கும் பட்டப்பெயர் போன்றவை: அறந்தாங்கியிலுள்ள ஒரு வீட்டிலும் ஆலங்குடியிலுள்ள ஒரு வீட்டிலும் ஒரே நேரத்தில் 192.168.1.20 என்னும் கணினி இருக்கலாம். வெளியிலிருந்து வரும் எவரும் இவ்வெண்ணைக் கொண்டு எந்தக் கணினியையும் அடைய இயலாது. வீட்டு வலையமைப்பின் இயல்பான பாதுகாப்பு இதில் பெருமளவு அடங்கியுள்ளது.

ஒரு கணினியில் பல சேவைகள் ஒருங்கே இயங்குவதால், எந்தச் சேவைக்கான செய்தி என்பதைக் குறிக்கத் துறை எண் (போர்ட்) பயன்படுகிறது. எஸ்.எஸ்.எச். 22 ஆம் துறையிலும், ஆர்.டி.பி. 3389 ஆம் துறையிலும், வி.என்.சி. 5900 ஆம் துறையிலும் இயல்பாகச் செவிமடுக்கின்றன.

திரையை அனுப்பும் முறையில் நெறிமுறைகள் வேறுபடுகின்றன. வி.என்.சி. திரையைப் படமாகவே கருதுகிறது. மாற்றமுற்ற பகுதிகளை மட்டும் சுருக்கி அனுப்புகிறது. ஆர்.டி.பி. திரையில் வரையப்படுவது என்ன என்பதை ஓரளவு அறிந்து, எழுத்து வடிவங்களையும் படங்களையும் ஒருமுறை அனுப்பிச் சேமித்து மீண்டும் பயன்படுத்துகிறது. இதனால் வேகம் குறைந்த இணைப்பிலும் அது இயல்பாக உணரப்படுகிறது. எஸ்.எஸ்.எச். எழுத்துகளை மட்டும் கடத்துவதால் மிகக் குறைந்த அலைக்கற்றையே அதற்குப் போதும்.

பயன்பாட்டில் உணரப்படும் வேறுபாடு இன்னொன்று. ஆர்.டி.பி. வழியே ஒருவர் நுழைந்ததும் தனியாள் விண்டோஸ் கணினியின் சொந்தத் திரை பூட்டப்படும். அங்கு அமர்ந்திருப்பவர் எதையும் காண இயலாது. வி.என்.சி. முறையில் இருவரும் ஒரே திரையைக் காண்பர். சுட்டியை இருவருமே அசைக்கலாம். ஆகவே மாடியறையிலிருந்து தன் சொந்தக் கணினியில் வேலை செய்பவருக்கு ஆர்.டி.பி. ஏற்றது. வரவேற்பறையில் அமர்ந்து மின்கட்டணம் செலுத்தத் தடுமாறும் தாத்தாவுக்கு வழிகாட்ட வி.என்.சி. அல்லது விண்டோஸின் விரைவு உதவி ஏற்றது.

தமிழக அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களைக் கண்ட மாணவர்களுக்கு இக்கோட்பாடு புதிதன்று. பல திரைகளும் விசைப்பலகைகளும் ஒரு வழங்கிக் கணினியோடு இணைந்து, அதன் திறனைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு அத்தகைய ஆய்வகங்களில் பயன்படுத்தப்பட்டது.

அமைக்கும் முறை

முதலில் வழங்கியின் முகவரி அறியப்பட வேண்டும். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்னும் கட்டளையை அளித்தால் அது காட்டப்படும். லினக்ஸில் வலையமைப்பு அமைப்புகளின் விவரப் பக்கத்தில் காணலாம். திசைவி இம்முகவரியைத் தற்காலிகமாகவே ஒதுக்குவதால் சில நாள்களில் அது மாறக்கூடும். நேற்று இணைந்த கணினி இன்று இணையவில்லை என்னும் முறையீட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். திசைவியின் மேலாண்மைப் பக்கத்தில், அக்கணினியின் வன்பொருள் முகவரிக்கு இன்ன ஐ.பி. முகவரிதான் என ஒதுக்கீடு செய்துவிட்டால் இச்சிக்கல் தீரும்.

விண்டோஸ் புரொபஷனல் பதிப்பில், அமைப்புகளில் தொலை மேசைத்தளம் என்னும் பகுதியில் அதனை இயலச்செய்தால் போதும். தீச்சுவரில் உரிய துறை தானாகவே திறக்கப்படும். மேலாளர் கணக்குகளுக்கு நுழைவுரிமை இயல்பாகவே உண்டு. ஏனைய பயனர்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பின்னர் வாங்கிக் கணினியில் தொலை மேசைத்தள இணைப்பு மென்பொருளைத் திறந்து வழங்கியின் முகவரியையும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அளிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் ஆப்பிள் கருவிகளுக்கும் இத்தகைய வாங்கி மென்பொருள்கள் உள்ளன.

இங்கு இரு இடர்கள் அடிக்கடி நேர்கின்றன. வீட்டுக் கணினிகள் பலவற்றுக்குக் கடவுச்சொல்லே இராது. பொத்தானை அழுத்தியதும் நேராக மேசைத்தளம் தோன்றும். கடவுச்சொல் இல்லாத கணக்கைத் தொலைவிலிருந்து அணுக விண்டோஸ் இயல்பாக அனுமதிப்பதில்லை. இத்தடையை நீக்கும் வழிகள் உண்டெனினும், கடவுச்சொல் ஒன்றை வைப்பதே முறையானது. இரண்டாவது, நான்கிலக்க மறையெண்ணைக் கொண்டு நாள்தோறும் நுழைபவர், தொலை மேசைத்தளத்திலும் அதையே இட்டு ஏமாறுவது. அம்மறையெண் அந்தக் கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே உரியது. தொலைவிலிருந்து நுழைய கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும்.

விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள கணினியை வழங்கியாக்க, டைட்விஎன்சி போன்ற கட்டற்ற மென்பொருளை நிறுவலாம். பழைய வி.என்.சி. நெறிமுறையில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். திரைக்காட்சி மறைகுறியாக்கப்படாமலே செல்லும். வீட்டுக்குள் இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. வெளியே ஒருபோதும் ஏற்கத்தக்கதன்று. கட்டளைவரி போதுமெனில் விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் ஹோம் பதிப்புகளிலும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். வழங்கியை விருப்பக் கூறாகச் சேர்க்க இயலும்.

லினக்ஸில் ஓப்பன் எஸ்.எஸ்.எச். வழங்கிப் பொதியை நிறுவியதும் அணுக்கம் தயாராகிவிடும். டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ், உபுண்டு ஆகிய இரண்டிலும் முறை ஒன்றே. வரைகலைத் திரை வேண்டுவோர், 2022 இல் வெளியான க்னோம் 42 முதல் அம்மேசைத்தளத்தோடு இணைந்தே வரும் ஆர்.டி.பி. பகிர்வைப் பயன்படுத்தலாம். லினக்ஸ் கணினியை விண்டோஸின் சொந்த இணைப்பு மென்பொருளைக் கொண்டே இவ்வாறு திறக்க இயலும். மாக் கணினிகளில் திரைப்பகிர்வு என்னும் பெயரில் வி.என்.சி. சார்ந்த வசதி உள்ளது.

துயில் நிலையில் உள்ள கணினி எந்த அழைப்புக்கும் விடையளிக்காது. வழங்கியாகும் கணினியின் மின்சேமிப்பு அமைப்பில் துயிலை நிறுத்தி வைக்கலாம். அல்லது வலையமைப்பின் வழியே எழுப்பும் வசதியைப் பயன்படுத்தலாம். இதில் அனுப்பப்படும் எழுப்புப் பொதி மிக எளிமையானது: 255 என்னும் மதிப்புள்ள 6 பைட்டுகள், அவற்றைத் தொடர்ந்து எழுப்பவேண்டிய கணினியின் வன்பொருள் முகவரி 16 முறை, ஆக 102 பைட்டுகள். கணினி அணைந்திருப்பினும் அதன் வலையமைப்பு அட்டை சிறிதளவு மின்னாற்றலுடன் விழித்திருந்து இப்பொதியை எதிர்நோக்கும். கம்பி வழி இணைப்பில் இது நம்பத்தக்கது. கம்பியில்லா இணைப்பில் எல்லாக் கணினிகளிலும் செயல்படுவதில்லை. மின்தடைக்குப் பின் சில கணினிகள் ஒருமுறை கையால் இயக்கப்படும் வரை எழுவதில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

தமிழ் எழுத்துருவும் உள்ளீடும்

தமிழ்ப் பயனருக்குத் தொலை அணுக்கம் எதிர்பாராத நன்மை ஒன்றைத் தருகிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழகத்து அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும் வானவில், ஸ்ரீலிபி முதலிய தனித்தனிக் குறியாக்க எழுத்துருக்களைப் பயன்படுத்தின. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி பெருவழக்காயிருந்தது. தமிழக அரசு 2010 இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றபின்னரும், பழைய திருமண அழைப்பிதழ் மாதிரிகளும் நூல் பக்கங்களும் அவ்வெழுத்துருக்களிலேயே தேங்கியுள்ளன. அத்தகைய கோப்பொன்றை எழுத்துரு இல்லாத கணினிக்குப் படியெடுத்துத் திறந்தால் பொருளற்ற உரோமன் எழுத்துகளே தெரியும். தொலை மேசைத்தளத்தில் எழுத்தை வரைவது வழங்கி. வாங்கிக்கு வருவது வரையப்பட்ட வடிவம். எனவே எழுத்துரு சிறிதும் இல்லாத மடிக்கணினியிலிருந்தும் அக்கோப்பைச் செவ்வனே படிக்கவும் திருத்தவும் அச்சிடவும் இயலும். ஆயினும் அதிலிருந்து ஒரு பத்தியை வெட்டி வாங்கியின் கோப்பில் ஒட்டினால் பழைய குழப்பம் மீளும். ஏனெனில் ஒட்டுப்பலகை வழியே வருவது வடிவமன்று, குறியெண்களே.

உள்ளீட்டில் சிக்கல் வேறுவகையானது. ஆர்.டி.பி. இயல்பாக எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டும் அனுப்புகிறது. அதனைத் தமிழாக்குவது வழங்கியிலுள்ள உள்ளீட்டு மென்பொருளின் பணி. வி.என்.சி. மாறாக, விசையால் விளைந்த எழுத்து எது என்பதைக் குறிக்கும் எண்ணை அனுப்புகிறது. வாங்கியில் தமிழ்99 விசைப்பலகையை இயக்கிக்கொண்டு தட்டச்சுச் செய்தால், வழங்கிக்கு எதிர்பாராத குறிகள் சென்று சில எழுத்துகள் விடுபடலாம். இரு புறமும் தமிழ் உள்ளீட்டை இயக்கினால் ஒரே விசை இருமுறை மாற்றப்பட்டு எழுத்துகள் சிதையும். வாங்கியில் ஆங்கில விசைப்பலகையை வைத்துக்கொண்டு, வழங்கியில் மட்டும் தமிழ் உள்ளீட்டை இயக்குவதே இரு நெறிமுறைகளுக்கும் பொருந்தும்.

இணைப்புக் கிட்டாமை

முகவரியும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும் இணைப்புக் கிட்டவில்லையெனில் வலையமைப்பின் அமைப்பை ஆராய வேண்டும். இணையச் சேவையாளர் தந்த பெட்டியோடு, கடையில் வாங்கிய இன்னொரு திசைவியையும் இணைத்திருக்கும் வீடுகள் பல. அந்நிலையில் வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரு வலையமைப்புகள் உருவாகின்றன. முதற்பெட்டியோடு இணைந்த கணினி, இரண்டாம் திசைவியின் பின்னுள்ள கணினியைக் காண இயலாது. இரண்டாவதை வெறும் அணுகுமுனையாக மாற்றியமைத்தால் இரண்டும் ஒன்றாகும். கணினிகளின் முகவரிகளில் மூன்றாம் எண் வேறுபட்டிருப்பது இதற்கு நல்ல அறிகுறி.

விருந்தினருக்கெனத் தனியே அமைந்த கம்பியில்லா வலையமைப்பில் கணினியை இணைப்பது இன்னொரு காரணம். அவ்வமைப்பு ஒரு கருவி மற்றொன்றைக் காணாதவாறு வேண்டுமென்றே பிரிக்கிறது. விண்டோஸ் தீச்சுவரும் வலையமைப்பைப் பொதுவிடம், தனியிடம் என இருவகையாகப் பிரித்து, பொதுவிடத்தில் பல நுழைவுகளை மூடிவிடுகிறது. வீட்டு வலையமைப்பைத் தனியிடம் எனக் குறித்தால் தீச்சுவரை முற்றாக அணைக்க வேண்டிய தேவை எழாது. தீச்சுவரை அணைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுவது இவ்விடயத்தில் மிகவும் பரவலான தவறு.

வீட்டுக்கு வெளியிலிருந்து அணுகல்

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் சென்றோர் பலர். அங்கிருந்து ஊரிலுள்ள பெற்றோரின் கணினியைச் சரிசெய்து தர விரும்புவது இயல்பே. ஆனால் வீட்டுக்குள் போதுமாயிருந்த அமைப்பு இங்கு போதாது.

பழைய வழி துறைத் திருப்பம் ஆகும். திசைவியின் வெளிமுகவரிக்கு 3389 ஆம் துறையில் வரும் அழைப்பை உள்ளே இன்ன கணினிக்கு அனுப்புக எனத் திசைவிக்குக் கட்டளையிடுவதே அது. இவ்வாறு செய்தால், இதுகாறும் வீட்டுக்குள் மட்டும் இருந்த வாயில் உலகம் முழுவதற்கும் திறக்கிறது. இணையத்திலுள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டிப்பார்த்து, திறந்த துறைகளில் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயலும் நிரல்கள் இடைவிடாது இயங்குகின்றன. துறை எண்ணை மாற்றி வைப்பது அவற்றைச் சற்றுத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது. 2019 மே மாதத்தில் வெளிப்பட்ட புளூகீப் என்னும் வழு, எக்ஸ்.பி., விண்டோஸ் 7 போன்ற பழைய பதிப்புகளில் கடவுச்சொல்லே இன்றி ஆர்.டி.பி. வழியே நுழைய இடமளித்தது. ஆதரவு முடிந்து ஐந்தாண்டுகள் கடந்த எக்ஸ்.பி. இயங்குதளத்துக்கும் மைக்ரோசாப்ட் அப்போது ஒட்டு வெளியிட்டது.

இவ்வழி பலருக்குத் தானாகவே அடைபட்டும் உள்ளது. ஆசிய பசிபிக் பகுதிக்கான பழைய வகை ஐ.பி. முகவரிகளின் இருப்பு 2011 ஏப்ரலில் இறுதிக் கட்டத்தை எட்டியபின், சேவையாளர்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளிமுகவரியின் பின் அமர்த்தத் தொடங்கினர். திசைவியின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், அவ்வீடு இத்தகைய கூட்டு முகவரியின் பின் உள்ளது. அங்கு துறைத் திருப்பம் பயனளிக்காது.

பொருத்தமான வழி மெய்நிகர் தனியார் வலையமைப்பு ஆகும். வெளியிலுள்ள கணினி மறைகுறியாக்கப்பட்ட சுரங்கம் ஒன்றின் வழியே முதலில் வீட்டு வலையமைப்பின் உறுப்பாகிறது. அதன்பின் வீட்டுக்குள் இருப்பதுபோலவே தொலை மேசைத்தளத்தைத் திறக்கிறது. ஒயர்கார்டு என்னும் கட்டற்ற நெறிமுறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதன்மீது கட்டப்பட்ட டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் கூட்டு முகவரியின் பின்னுள்ள வீடுகளையும் இணைக்கின்றன. இவற்றை அமைக்க வீட்டில் ஒருவர் ஒருநாள் உட்கார வேண்டும். ஊருக்கு விடுமுறையில் வரும்போது செய்துவிட்டுச் செல்வது எளிது.

மூன்றாவது, இடைநிலை வழங்கி ஒன்றின் வழியே இரு கணினிகளை இணைக்கும் டீம்வியூவர், எனிடெஸ்க், குரோம் தொலை மேசைத்தளம் முதலிய சேவைகள். திசைவியில் எதையும் மாற்ற வேண்டாத எளிமையால் இவை மிகவும் பரவின. இவ்வெளிமையே இவற்றின் ஆபத்தும் ஆகும்.

ஏமாற்றுகளும் சட்டமும்

எனிடெஸ்க் செயலியைக் கொண்டு நிகழும் வங்கிப் பண மோசடி குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் வங்கிகளை எச்சரித்தது. வங்கியிலிருந்தோ தொலைபேசி நிறுவனத்திலிருந்தோ பேசுவதாகக் கூறுபவர், கணக்கு முடங்கப்போவதாக அச்சுறுத்தி இச்செயலியை நிறுவச் சொல்வார். பின்னர் திரையில் தோன்றும் எண்ணைக் கேட்டுப் பெறுவார். அவ்வெண்ணைச் சொல்லி, அனுமதி கேட்கும் பொத்தானையும் அழுத்திய கணத்திலிருந்து கைப்பேசியின் திரை அவருடையதாகிறது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை அவரே படித்துக்கொள்வார். இங்கு எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை, உரிமையாளரே திறந்துவிடுகிறார். எந்த வங்கியும் வாடிக்கையாளரின் திரையைக் காணக் கேட்பதில்லை. அழைத்தவர் யாராயினும், தாமே தொடங்காத தொலை அணுக்கத்தை ஏற்கலாகாது. பணம் இழந்தோர் தாமதமின்றி 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தால், பணம் கைமாறுவதற்கு முன் முடக்கப்படும் வாய்ப்பு உண்டு.

உரிமையாளரின் இசைவின்றி ஒரு கணினியை அணுகுவது இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன் 43 ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்குரியது. தீய நோக்கத்தோடோ நேர்மையின்றியோ செய்யப்படின் 66 ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒரே வீட்டில் வாழ்வதால் மட்டும் இசைவு கிட்டிவிட்டதாகாது. உடன்பிறந்தவரின் மடிக்கணினியில் அவர் அறியாமல் வி.என்.சி. வழங்கியை நிறுவி வைப்பது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் அது அவருடைய கடிதங்களை ஒளிந்திருந்து படிப்பதற்கு ஒப்பானது. வி.என்.சி. வழங்கிகள் பலவற்றில், யாரேனும் இணையும்போது திரையின் மூலையிலுள்ள படவுருவின் நிறம் மாறும். இணைப்பை ஏற்கலாமா எனக் கேட்கும் அமைப்பும் உண்டு. பகிர்ந்து பயன்படுத்தப்படும் வீட்டுக் கணினியில் இவ்விரண்டையும் இயங்க விடுவது வழக்கம். உதவி முடிந்ததும் வழங்கியை நிறுத்திவைத்து, அடுத்த தேவையின்போது உரியவரே மீண்டும் இயக்கலாம்.